அலுவலகக் கணக்கிலிருந்து ஆதென்டிகேட்டர் பதிவுகளை வெளியே கொண்டுவந்த ஆறு நாள்

நேற்று மதியம் என் அலுவலக மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டது. அதற்குள் மாட்டிக்கொண்டிருந்த என் சொந்த ஆதென்டிகேட்டர் பதிவுகள் 14ம் இப்போது அந்தக் கணக்குக்கு வெளியே, என் கையில் இருக்கின்றன. பதினான்கு தளங்களிலும் ஒருமுறை வெளியேறி, மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். ஆறு நாளில், கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான வேலை. வழியில் நான்கு இடங்களில் தவறினேன், அதில் இரண்டு நிஜமாகவே ஆபத்தானவை. நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதலில் இது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். கூகுள் ஆதென்டிகேட்டர் 2010இலிருந்து இருக்கும் செயலி. ஒரு தளத்தில் நுழையும்போது கடவுச்சொல்லோடு கேட்கும் ஆறு இலக்க எண்ணை அது காட்டும், தளத்துக்கு ஒரு பதிவு. பல வருடம் அதன் பதிவுகள் போனுக்குள் மட்டும்தான் இருந்தன, போன் தொலைந்தால் பதிவுகளும் போயின. 2023 ஏப்ரலில்தான் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. எந்தக் கணக்கில் சேமிக்கலாம் என்று செயலி கேட்டபோது, என் போனில் அலுவலகக் கணக்கு, சொந்தக் கணக்கு இரண்டுமே இருந்தன. பட்டியலில் மேலே இருந்ததைத் தொட்டுவிட்டேன். அது அலுவலகக் கணக்கு. அதன்பிறகு சேர்த்த ஒவ்வொன்றும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. வேலையை விடப்போகிறேன், கணக்கு ஆறு நாளில் மூடப்படும் என்று தெரிந்த அன்றுதான் செயலியின் மேல்மூலையில், எந்தக் கணக்கு என்று காட்டும் படத்தைக் கவனித்தேன்.

கைவசம் இருந்தவை: தினமும் பயன்படுத்தும் போன், அலமாரியில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, மடிக்கணினி, கோடு போட்ட நோட்டு, பேனா. எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் ஒன்றையும் நகர்த்தவில்லை, எண்ணினேன். பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டி, ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதினேன். மொத்தம் 23. அதில் மூன்று தளங்களில் எனக்கு இப்போது கணக்கே கிடையாது. இரண்டு வெறும் மிச்சங்கள்: முன்பு போன் மாற்றியபோது அந்தத் தளங்களில் புதிதாகப் பதிந்திருக்கிறேன், பழைய பதிவை நீக்க மறந்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே பெயர், ஆனால் ஒன்றுதான் வேலை செய்யும். நான்கு அலுவலகத்துக்குச் சொந்தமானவை, அவற்றை எடுத்துப்போக எனக்கு உரிமை இல்லை. மீதி 14 என்னுடையவை. இந்த எண்ணிக்கைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் வந்த குழப்பங்களில் எல்லாம் அந்த நோட்டுப் பக்கம்தான் கைகொடுத்தது.

எண்ணி முடித்த கையோடு, எல்லோருக்கும் முதலில் தோன்றுவதையே நானும் செய்தேன். மேல்மூலைப் படத்தைத் தொட்டு, அலுவலகக் கணக்குக்குப் பதிலாகச் சொந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்தேன். பதிவுகள் கூடவே வரும் என்று எண்ணினேன். திரை காலியாக இருந்தது. ஒரு பதிவுகூட இல்லை. சில நொடிகள் கை நடுங்கிவிட்டது. மறுபடி அலுவலகக் கணக்குக்கு மாற்றியதும் 23ம் இருந்த இடத்தில் இருந்தன. கணக்கை மாற்றினால் வேறொரு அலமாரி திறக்கிறது, அவ்வளவுதான். ஒரு அலமாரியில் இருப்பது தானாக இன்னொன்றுக்குப் போகாது.

சரி, ஏற்றுமதி வழிதான் என்று புரிந்தது. செயலியின் மெனுவில் 'டிரான்ஸ்ஃபர் கோட்ஸ்' இருக்கிறது, அதற்குள் 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்' என இரண்டு. எக்ஸ்போர்ட்டைத் தொட்டால் போன் பூட்டைத் திறக்கும் பின் எண்ணைக் கேட்கும். அப்புறம் பதிவுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் பெட்டி. தேர்ந்தெடுத்து முடித்ததும் கியூஆர் படம் வரும். ஒரு படத்தில் பத்துப் பதிவுகள்தான் அடங்கும், அதனால் என் 23க்கு மூன்று படங்கள். வழக்கமான கியூஆரைவிட இவை அடர்த்தியானவை, கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணை உருவாக்கும் ரகசியச் சாவி அப்படியே அதற்குள் இருக்கிறது, கடவுச்சொல் எதுவும் போட்டுப் பூட்டப்படாமல். இதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நான் செய்தது இந்த ஆறு நாளிலேயே மோசமான காரியம். ஒரே போனில்தான் மாற்ற வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்: கியூஆரைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கை மாற்றி, அந்தப் படத்தை ஸ்கேன் செய்தால் போதும் என்பது கணக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பார்த்தேன், ஆண்ட்ராய்டில் அந்தத் திரையை எடுக்க அனுமதி இல்லை. அது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். மாறாக, பழைய போனின் கேமராவால் மூன்று திரைகளையும் படம் எடுத்தேன். மேல்விளக்கின் வெளிச்சம் விழுந்து ஒரு படம் வெளுத்துவிட்டது, அதை மறுபடி எடுத்தேன். பிறகு பழைய போனின் திரையில் படத்தைப் பெரிதாக்கி வைத்து, இந்தப் போனால் ஸ்கேன் செய்தேன். இரண்டு படங்கள் படிந்தன. மூன்றாவது, வெளிச்சத்தைக் குறைத்து, போனைச் சாய்த்து, ஐந்தாறு தடவை முயன்ற பிறகு படிந்தது. 23ம் சொந்தக் கணக்கில் வந்துவிட்டன. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

இரவு பழைய போனை எடுத்து அந்தப் படங்களை நீக்கப் போனேன். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் மேகச் சின்னம், அதற்குள் ஒரு டிக். படங்கள் தானாக மேகச் சேமிப்புக்கு ஏறியிருந்தன. அந்தப் போனில் உள்நுழைந்திருந்த ஒரே கணக்கு, அலுவலகக் கணக்கு.

அதாவது என் மின்னஞ்சல், பணக் கணக்குகள், தளப் பெயர்ப் பதிவு (டொமைன்), நான் எழுதும் நிரல்களைச் சேமிக்கும் நிரல் களஞ்சியம் எல்லாவற்றின் சாவிகளும், நான் ஆறு நாளில் விட்டுவிட்டுப் போகும் ஓர் இடத்தில் மூன்று புகைப்படங்களாக உட்கார்ந்திருந்தன. அலுவலகத்தில் யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் நான் போன பிறகு அந்தச் சேமிப்பு யார் கையில் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும் என்பது என் கட்டுப்பாட்டில் இல்லை. படங்களை நீக்கினேன். நீக்கியவை 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும் என்று அங்கேயே எழுதியிருந்தது, அதையும் காலி செய்தேன். அப்படியும் மனது ஆறவில்லை.

அன்று இரவுதான் இந்த வேலை என்னவென்று எனக்குச் சரியாக விளங்கியது. ஆறு இலக்க எண் எங்கிருந்தோ போனுக்கு வருவதில்லை. பதிவு செய்யும் நாளில் தளம் ஒரு சாவியைத் தருகிறது, அதன் ஒரு நகல் தளத்திடமும் இன்னொன்று போனிடமும் இருக்கிறது. இரண்டும் அந்தச் சாவியையும் கடிகார நேரத்தையும் வைத்து, 30 நொடிக்கு ஒருமுறை தனித்தனியாக அதே எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. போனில் இணையம் இல்லாவிட்டாலும் எண் வருவது அதனால்தான். ஆகவே 'மாற்றுவது' என்று நாம் சொல்வது உண்மையில் நகல் எடுப்பது. நகல் எடுத்தபின் பழைய இடத்தில் இருப்பதும் அதே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நான் புகைப்படமே எடுக்காமல் ஒழுங்காகச் செய்திருந்தாலும், அலுவலகக் கணக்கின் ஒத்திசைவில் 14 சாவிகள் உயிரோடு இருந்திருக்கும். செயலியில் பதிவை நீக்கினால் தளத்துக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சாவி செத்துப்போக ஒரே வழி, தளத்திடம் போய்ப் புதுச் சாவி வாங்குவது.

பதினான்கையும் புதிதாகப் பதிவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பழைய போனை முழுதாக ஃபாக்டரி ரீசெட் செய்தேன். ஆதென்டிகேட்டரைப் போட்டு, அது கணக்குக் கேட்டபோது 'கணக்கு இல்லாமல் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இனி அதில் வருவது அந்தப் போனுக்குள் மட்டும் இருக்கும். அப்புறம் முதல் போனில் அலுவலக அலமாரியைத் திறந்து, எக்ஸ்போர்ட் போட்டு, திரையிலிருந்து நேராகப் பழைய போனால் ஸ்கேன் செய்தேன். இடையில் புகைப்படம் கிடையாது. மூன்று கியூஆர்களும் ஒரே மூச்சில், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தன. முதல் நாளே இரண்டு போன்களையும் எதிரெதிரே வைத்திருந்தால் இவ்வளவுதான் வேலை.

இங்கேயும் ஒரு தடங்கல். சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பதிவின் எண்களை ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. அடுத்த பதிவு, அதுவும் பொருந்தவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் குறைவதைக் காட்டும் சின்ன வட்டம் இருக்கிறதே, இரண்டு போனிலும் அது வெவ்வேறு கட்டத்தில் ஓடியது. ஒன்றில் வட்டம் முக்கால்வாசி கரைந்திருக்கும்போது மற்றதில் அப்போதுதான் நிறைந்தது. ஏற்றுமதியே கெட்டுவிட்டது என்று நினைத்து, பழைய போனில் எல்லாவற்றையும் நீக்கி மறுபடி ஸ்கேன் செய்தேன். அதே கதை. இருபது நிமிடம் இதிலேயே போனது.

ரீசெட்டுக்குப் பின் பழைய போனில் நேரத்தை நானே கையால் வைத்திருந்தேன், அது இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. அமைப்புகளில் தானியங்கி நேரத்தைப் போட்டதும் வட்டங்கள் இரண்டும் ஒன்றாகச் சுழன்றன, எண்கள் 23லும் ஒத்துப்போயின. 30 நொடிக் கணக்கில் இரண்டு நிமிடம் என்றால் நான்கு எண் பிந்திவிட்டது என்று பொருள். வலையில் ஏற்படும் தாமதத்துக்காக முன்பின் ஓர் எண்ணைத் தளங்கள் பொறுத்துக்கொள்வது உண்டு, நான்கைப் பெரும்பாலான தளங்கள் ஏற்காது. குறியீடு தவறு என்று திரும்பத் திரும்ப வந்தால், நான் இனி முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்.

ஆக, பழைய போன் ஒரு கட்டடச் சாரம் மாதிரி நின்றது. புதுக் கட்டடம் எழும்வரை எல்லாப் பழைய சாவியும் அங்கே இருக்கும். முதல் போனில் சொந்தக் கணக்கு அலமாரியில், நேற்று வந்து குவிந்த 23இல் வேண்டாத 9ஐ நீக்கி, என் 14ஐ மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் 'பழ' என்று சேர்த்தேன். செல்லப்பெயர் மாதிரி இருந்தாலும் பயன் பெரிது. புதிதாகப் பதியும்போது அதே தளப் பெயர், அதே மின்னஞ்சலோடு இரண்டாவது பதிவு வந்து உட்காரும். எது பழையது எது புதியது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பதிவதில் மின்னஞ்சலை முதலில் எடுத்தேன். மற்ற எல்லாத் தளத்தின் கடவுச்சொல் மீட்பும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. அடுத்து பணம் சார்ந்தவை, பிறகு தளப் பெயர்ப் பதிவும் நிரல் களஞ்சியமும், கடைசியில் மற்றவை. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஆறேழு நிமிடம் ஆனது. செயல் ஒன்றுதான் என்றாலும் தளத்துக்குத் தளம் கதவு வேறு. சிலவற்றில் 'ஆதென்டிகேட்டரை மாற்று' என்று நேரடியாக ஒரு பொத்தான் இருக்கிறது: புதுக் கியூஆரைக் காட்டி, புது எண்ணைக் கேட்டு, பழையதைத் தானே தூக்கிவிடும். நான்கு தளங்களில் அப்படி எதுவும் இல்லை. இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு எண்ணும் கேட்பதை, முழுதாக அணைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அணைத்ததற்கும் தொடங்கியதற்கும் இடையே கடவுச்சொல் மட்டும்தான் காவல், அதனால் அந்த நான்கையும் இடையில் எழுந்து போகாமல் ஒரே அமர்வில் முடித்தேன். அணைத்துத் தொடங்கினால், போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் பழைய மீட்புக் குறியீடுகளும் செல்லாமல் போகும், புதுத் தொகுப்பு தருவார்கள். ஒரு தளத்தின் பழைய மீட்புக் குறியீட்டுத் தாளை நான் பத்திரமாக மறுபடி கோப்பில் செருகப் போய், தேதியைப் பார்த்துத்தான் கிழித்தேன்.

சோதிக்கும் முறையை இரண்டாவது தளத்திலேயே வகுத்துக்கொண்டேன். புதுப் பதிவு சேர்ந்ததும் மடிக்கணினியில், முன்பு உள்நுழைந்தது எதுவும் நினைவில் இல்லாத இன்காக்னிட்டோ சாளரம் திறந்து, கடவுச்சொல் போட்டு, புது எண் போட்டு, உள்ளே முகப்புப் பக்கம் வரும்வரை போவேன். வந்த பிறகுதான் 'பழ' பதிவை நீக்கி, நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக்.

இந்த முறையை ஒரே ஒரு தளத்தில் விட்டேன். ஐந்தாம் நாள், பதினொன்றாவது தளம், கோப்புகள் சேமிக்கும் இடம். மடிக்கணினியில் புதுக் கியூஆர் வந்தது. ஸ்கேன் செய்தேன். போனில் புதுப் பதிவு வந்து எண் ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் ஓர் அழைப்பு வந்தது. பேசி முடித்து வந்து, போனில் புதுப் பதிவு இருப்பதைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று 'பழ'வை நீக்கி, நோட்டில் டிக் போட்டு, உலாவியில் எல்லாத் தாவல்களையும் மூடினேன். சாயங்காலம் அந்தத் தளத்துக்குள் போகப் பார்த்தால் எண் தவறு என்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்று முறை போட்டதும் சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்று நிறுத்திவிட்டது.

நடந்தது என்ன என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கியூஆரை ஸ்கேன் செய்வது பாதி வேலைதான். வந்த எண்ணைத் தளத்தில் தட்டி உறுதிப்படுத்தும்வரை, தளம் பழைய சாவியையே வைத்திருக்கும். நான் அந்த எண்ணைத் தட்டவே இல்லை. என் போனில் இருந்த புதுப் பதிவு யாருக்கும் வேண்டாத ஒரு சாவி. தளம் ஒப்புக்கொள்ளும் சாவியை நானே நீக்கியிருந்தேன். அந்தத் தளத்துக்கு மீட்புக் குறியீடு எடுத்து வைத்த நினைவும் இல்லை.

பழைய போன் காப்பாற்றியது. அதில் 23 பதிவுகளும் தொடாமல் இருந்தன. ஆன் செய்து, அந்தத் தளத்தின் பதிவைத் தேடி, வட்டம் புதிதாக நிறையும்வரை காத்திருந்து, எண்ணைத் தட்டினேன். உள்ளே போய்விட்டது. அப்படியே அமைப்புகளுக்குப் போய், புதுக் கியூஆர், புது எண், உறுதிப்பாடு, மீட்புக் குறியீடுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். இந்த ஒரு தளத்துக்கு மட்டும் 35 நிமிடம். பழைய போனிலிருந்து பதிவுகளை அன்று காலையே துடைத்துவிடலாமா என்று நினைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து ஒரு வட்டச் சிக்கல். என் சொந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையவும் ஆதென்டிகேட்டர் எண் உண்டு. அந்தப் பதிவு ஒத்திசைந்திருப்பது அதே கணக்கில். போன் தொலைந்து, புதுப் போனில் அந்தக் கணக்கைத் திறக்கப் போனால், எண் கேட்கும். எண் கணக்குக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் பெட்டியின் சாவி. இதற்குக் காகிதம்தான் விடை. கூகுள் கணக்கு தரும் பேக்கப் குறியீடுகள் 10, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். புதுத் தொகுப்பு எடுத்தால் பழையது செல்லாது. அவற்றைக் கையால் இரண்டு தாளில் எழுதி, இரண்டு வேறு இடங்களில் வைத்தேன். போனிலோ மேகத்திலோ வைக்கவில்லை, இரண்டாம் நாள் அனுபவம் போதும்.

மிக முக்கியமான மூன்று தளங்களுக்கு ரகசியச் சாவியையே எழுதி வைக்கத் தோன்றியது. கியூஆர் காட்டும் பக்கத்தில் 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்ற மாதிரி ஒரு சுட்டி இருக்கும், தொட்டால் சாவி எழுத்துகளாக வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, எண்களில் 2 முதல் 7 வரை, இவை மட்டும்தான் அதில் வரும். 0, 1, 8, 9 கிடையாது. அதனால் வட்டமாக இருப்பது 'ஓ' எழுத்துதான், பூஜ்யம் இல்லை என்று தைரியமாக எழுதலாம். நான்கு நான்காகப் பிரித்து எழுதினேன். எழுதி முடித்ததும், தாளைப் பார்த்துப் பழைய போனில் கையால் தட்டிச் சேர்த்து, எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். முதல் இரண்டும் ஒத்தன. மூன்றாவது ஒத்துவரவில்லை. செயலி எந்தப் பிழையும் சொல்லவில்லை, அமைதியாக வேறு எண்ணைக் காட்டியது. எழுத்து எழுத்தாகத் திரையோடு ஒப்பிட்டபோது தெரிந்தது: 'இசட்' எழுத்தை நான் 2 என்று படித்துத் தட்டியிருக்கிறேன். இரண்டுமே சாவியில் வரக்கூடியவை என்பதால் செயலிக்கு அதில் தவறு தெரிய வழியில்லை. 'எஸ்'சும் 5ம், 'ஜி'யும் 6ம் இதே ஆபத்து. 'இசட்'டின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டு மறுபடி எழுதினேன். கையால் எழுதிய சாவியைத் தட்டிப் பார்க்காமல் மடித்து வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அது வெறும் தாளாகத்தான் இருந்திருக்கும்.

அலுவலகத்தின் நான்கு பதிவுகளை நான் தொடவில்லை. அந்தத் தளங்களின் உரிமையை எடுத்துக்கொள்பவரை உட்கார வைத்து, அவர் போனில் அவரே புதிதாகப் பதியச் சொன்னேன். என் போனில் இருப்பதைக் கியூஆராக அவருக்குக் காட்டிவிடுவது சுலபம், ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்போது அதே சாவி என்னிடமும் இருக்கும். வேலையை விட்டுப் போகிறவனிடம் அது இருக்கக்கூடாது. அவர் உள்ளே போனதைப் பார்த்த பிறகு என் பக்கத்தில் நீக்கினேன்.

ஒத்திசைவை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். 2023இல் அந்த வசதி வந்தபோது அது முனைக்கு முனை மறையாக்கம், அதாவது கூகுளாலும் படிக்க முடியாதபடி பூட்டுவது, இல்லாமல்தான் வந்தது, பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அதனால் ஒத்திசைவே வேண்டாம் என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் போன் தொலைந்து எல்லாக் கதவும் ஒரே நாளில் அடைபடுவதுதான் என் வாழ்க்கையில் நடக்கக்கூடிய ஆபத்து என்று எனக்குப் படுகிறது. பதினொன்றை ஒத்திசைவில் விட்டேன். சாவியைத் தாளில் எழுதிய மூன்றை முதல் போனின் செயலியிலிருந்து எடுத்துவிட்டேன். அவை பழைய போனில், கணக்கு இல்லாத செயலியில் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்து அந்தப் போனை எடுக்க வேண்டும். மின்னஞ்சலில் புதிதாக உள்நுழைவது மாதத்துக்கு ஒருமுறைகூட இல்லை என்பதால் எனக்கு இது கட்டுப்படியாகிறது. தினமும் எண் கேட்கும் தளம் என்றால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

அடுத்த முறை இரண்டை மாற்றுவேன். முதலாவது, எந்தத் தளத்திலும் இருபடிச் சரிபார்ப்பைத் தொடங்கும் அன்றைக்கே மீட்புக் குறியீடுகளை எழுதி வைப்பது. என் 14இல் ஐந்துக்குத்தான் அவை கையில் இருந்தன, அந்த ஐந்தில் ஒன்று செல்லாத தாள். இரண்டாவது, ஒரு நாளில் நான்கு தளங்களுக்கு மேல் பதியாமல் இருப்பது. பதினொன்றாவது தளத்தில் நான் தவறியதற்கு அழைப்பு மட்டும் காரணம் இல்லை, அன்று காலையிலிருந்து அது எட்டாவது. கை தானாக ஓட ஆரம்பித்திருந்தது, கண் பார்ப்பதை நிறுத்தியிருந்தது.

கடைசி நாள் காலையில் செயலியை மறுபடி அலுவலக அலமாரிக்கு மாற்றி, அங்கே மிஞ்சியிருந்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். 14ம் ஏற்கெனவே செத்த சாவிகள், இருந்தாலும் நீக்கினேன். கணக்கே இல்லாத தளங்களின் மூன்று, மிச்சங்கள் இரண்டு, அவையும் போயின. பிறகு சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டு, போனின் அமைப்புகளிலிருந்து அலுவலகக் கணக்கை எடுத்தேன்.

பழைய போனில் இன்னும் அந்த 23 பழைய பதிவுகள் இருக்கின்றன, புது மூன்றோடு சேர்த்து. அடுத்த வெள்ளிக்கிழமைவரை அப்படியே விடப்போகிறேன். அதற்குள் பதினான்கு தளங்களிலும் இன்னொரு முறை, இந்தத் தடவை வேறொரு கணினியிலிருந்து, உள்நுழைந்து பார்க்க வேண்டும். நோட்டில் இரண்டாவது டிக்குக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை ஆறு முடிந்திருக்கிறது.